65 அங்குலமா, 55 அங்குலமா? கடைக்குப் போகும் முன் ஹாலை அளந்துவிடுங்கள்

கேள்வி: எங்கள் வீட்டு 32 அங்குல டி.வி. பழுதாகிவிட்டது. பெரிய திரையாக, ஸ்மார்ட் டி.வி. வாங்கலாம் என்றிருக்கிறோம். எல்லாம் சேர்த்து 45,000 ரூபாய்க்குள் முடிய வேண்டும். கடையில் இரண்டைக் காட்டினார்கள். ஒன்று, நாங்கள் அதிகம் கேள்விப்படாத பெயரில் 65 அங்குலம், விலை 44,000. மற்றொன்று, பல ஆண்டுகளாகத் தெரிந்த நிறுவனத்தின் 55 அங்குலம், விலை 37,000. இரண்டிலும் ‘4கே, எச்.டி.ஆர்., கியூ.எல்.இ.டி., 120 ஹெர்ட்ஸ்’ என்று ஒரே மாதிரிதான் போட்டிருக்கிறது. சோபாவிலிருந்து டி.வி. சுவர் வரை 9 அடி. மாமியார் இடது ஓரமாக நாற்காலி போட்டு மாலை முழுவதும் சீரியல் பார்ப்பார், கேபிள் இணைப்புதான். கணவர் கிரிக்கெட்டும், ஞாயிறு இரவில் ஓ.டி.டி.யில் படமும் பார்ப்பார். சோபாவுக்குப் பின்னால் பெரிய ஜன்னல் இருக்கிறது. எதை வாங்குவது?
– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: கடைக்காரர் சொன்ன பெயர்களைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு, நீங்களாகவே எழுதியிருக்கும் நான்கு விவரங்களை எடுத்துக்கொள்கிறேன்: 9 அடி தூரம், இடது ஓர நாற்காலி, சோபாவின் பின்னால் ஜன்னல், கேபிள் இணைப்பு. இந்த விலையில் விற்கும் பெரிய டி.வி.க்களில் ஏறக்குறைய எல்லாவற்றின் அட்டைப்பெட்டியிலும் அதே பெயர்கள்தான் அச்சாகியிருக்கும் என்பதால், அவற்றை வைத்து நல்லதையும் சுமாரானதையும் பிரித்தறிய முடியாது. உங்கள் ஹாலை வைத்துத்தான் பிரித்தறிய முடியும். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 55 அங்குலத்தையே வாங்குங்கள். ஆனால் உங்கள் மாமியார் உட்காரும் கோணத்தில் நின்று கடையிலேயே அதைப் பார்த்து, முகங்கள் முகங்களாகத் தெரிகின்றனவா என்று உறுதி செய்துகொண்ட பிறகு வாங்குங்கள். மிச்சமாகும் பணத்தில் செட்-டாப் பாக்ஸை மாற்றிவிட்டு, ஒரு சிறிய சவுண்ட்பாரும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

65 அங்குலம் உங்கள் ஹாலுக்குப் பெரிது என்பதால் இதைச் சொல்லவில்லை. படம் பார்ப்பதற்குப் பரவலாகப் பின்பற்றப்படும் ஒரு கணக்கு உண்டு: பார்ப்பவரின் கண்ணுக்குத் திரை கிடைமட்டமாகச் சுமார் 30 பாகை அகலத்தில் விரிய வேண்டும். திரையின் மூலைவிட்ட அளவை 1.6 ஆல் பெருக்கினால் அதற்கான தூரம் கிடைத்துவிடும். 55 அங்குலத்துக்கு அது சுமார் 7 அடி 4 அங்குலம். 65 அங்குலத்துக்குச் சுமார் 8 அடி 8 அங்குலம். 9 அடியில் உட்கார்ந்து படம் பார்க்கும் உங்கள் கணவருக்கு, அளவை மட்டும் பார்த்தால் 65 தான் பொருத்தம். பரப்பளவில் அது 55 ஐவிட ஏறத்தாழ 40 சதவீதம் பெரியது என்பதால், கடையில் இரண்டையும் அடுத்தடுத்துப் பார்க்கிறவருக்கு அதன் மேல் ஆசை வருவதும் இயல்பே. எனினும் உங்கள் வீட்டில் அதிக நேரம் ஓடப்போவது ஞாயிற்றுக்கிழமைப் படம் அல்ல, தினசரி மாலைச் சீரியல். அது வரும் வழி கேபிள். இங்கேதான் பலர் ஏமாற்றம் அடைகிறார்கள்.

எச்.டி. அல்லாத சாதாரணச் சேனல் ஒன்றின் படம் 720க்கு 576, அதாவது ஏறத்தாழ 4.15 லட்சம் புள்ளிகளால் ஆனது. 4கே திரையில் 3840க்கு 2160 வீதம் கிட்டத்தட்ட 83 லட்சம் புள்ளிகள் இருக்கின்றன. அப்படியானால், வந்து சேரும் ஒவ்வொரு புள்ளியையும் வைத்துக்கொண்டு, தன்னிடம் உள்ள இருபது புள்ளிகளை டி.வி. நிரப்பியாக வேண்டும். இல்லாத விவரத்தை எந்த டி.வி.யாலும் உண்டாக்க முடியாது. ஊகித்து, பூசி, மெழுகத்தான் முடியும். புடவைக் கரையின் சரிகை வெறும் மஞ்சள் பட்டையாகவும், தலைமுடி ஒரே கறுப்புத் திட்டாகவும் தெரிவதற்குக் காரணம் இதுவே.

சாதாரண ஒளிபரப்பைத் திரை உயரத்தின் ஆறு மடங்கு தூரத்திலிருந்தும், முழு எச்.டி. ஒளிபரப்பைச் சுமார் மூன்று மடங்கு தூரத்திலிருந்தும் பார்த்தால் குறை தெரியாது என்பது ஒளிபரப்புப் பொறியாளர்களின் பழைய கணக்கு. உங்கள் 32 அங்குல டி.வி.யின் திரை உயரம் சுமார் 40 சென்டிமீட்டர்; அதன் ஆறு மடங்கு ஏறத்தாழ 8 அடி. நீங்கள் 9 அடியில் உட்கார்ந்திருந்ததால் இத்தனை ஆண்டுகளாகக் கேபிள் படம் உங்களுக்குத் தெளிவாகவே இருந்தது. அதே படத்துக்கு 55 அங்குலத் திரை சுமார் 13 அடியும், 65 அங்குலத் திரை சுமார் 16 அடியும் கேட்கும். அவ்வளவு இடம் உங்கள் ஹாலில் இல்லை. எச்.டி. சேனல் என்றால் நிலைமை தலைகீழ்: 55க்கு 7 அடியும், 65க்கு 8 அடியும் போதும்.

ஆகவே எந்த டி.வி. வாங்கினாலும், கேபிள் ஆபரேட்டரிடம் பேசி எச்.டி. பாக்ஸாக மாற்றிக்கொள்வது கட்டாயம். சன், விஜய், ஜீ தமிழ் ஆகிய மூன்றுக்குமே எச்.டி. சேனல்கள் இருக்கின்றன, மாமியார் பார்க்கும் சேனல்களை மட்டும் எச்.டி.யில் எடுத்தால் மாதக் கட்டணம் அதிகம் ஏறாது. பாக்ஸிலிருந்து டி.வி.க்கு மஞ்சள்-சிவப்பு-வெள்ளை ஒயர் போகிறதென்றால் அதை எடுத்துவிட்டு எச்.டி.எம்.ஐ. கேபிள் போடச் சொல்லுங்கள். எச்.டி. பாக்ஸ் வாங்கிய பிறகும் பழைய மூன்று ஒயரிலேயே பார்த்துக்கொண்டிருக்கும் வீடுகளுக்கு நான் போயிருக்கிறேன். பணம் கட்டிய படம் அந்த ஒயருக்குள்ளேயே நின்றுவிடுகிறது.

இதையே வேறு வகையிலும் சொல்லலாம். 9 அடியிலிருந்து பார்க்கும்போது 4கே படத்துக்கும் நல்ல முழு எச்.டி. படத்துக்கும் கூர்மையில் உள்ள வேறுபாட்டை, சாதாரணப் பார்வைத்திறன் உள்ளவர் 55 அங்குலத் திரையில் கண்டுபிடிப்பது அரிது. எனவே ‘4கே’ என்ற சொல்லுக்காக அதிகம் கொடுக்கத் தேவையில்லை; இந்த அளவில் அது எப்படியும் வந்துவிடும்.

அடுத்தது மாமியாரின் நாற்காலி. இதை மிக முக்கியமானதாக நான் நினைக்கிறேன். ஏனெனில் அந்த டி.வி.யை அதிக நேரம் பார்க்கப்போகிறவர் அவர், பார்க்கப்போவதும் பக்கவாட்டிலிருந்து. எல்.இ.டி. என்ற பெயரில் விற்கப்படும் எல்லா டி.வி.க்களின் உள்ளேயும் இருப்பது எல்.சி.டி. பேனல்தான். அதில் பெரும்பாலும் இரண்டு வகை. வி.ஏ. வகைப் பேனல் கறுப்பை நல்ல கறுப்பாகக் காட்டும். அதன் வெளிச்ச-இருள் விகிதம் 3000க்கு 1, 5000க்கு 1 என்ற அளவில் இருக்கும். ஆனால் பக்கவாட்டில் நகர நகர நிறம் வெளிறி, முகங்கள் பவுடர் பூசியதுபோல் ஆகிவிடும். ஐ.பி.எஸ். வகைப் பேனலின் விகிதம் 1000க்கு 1 என்ற அளவுதான்; விளக்கை அணைத்துவிட்டு இருட்டுக் காட்சியைப் பார்த்தால் கறுப்பு சாம்பலாகத் தெரியும். ஆனால் ஓரத்திலிருந்து பார்த்தாலும் நிறம் பெரிதாக மாறாது. டியூப்லைட் எரியும் ஹாலில் கறுப்பின் ஆழம் எப்படியும் அமுங்கிவிடும். உங்கள் வீட்டுக்கு இரண்டாவது வகையே ஏற்றது என்பது என் கருத்து. கணவர் ஞாயிறு இரவில் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும்.

எந்தப் பேனல் என்பதைப் பெட்டியில் போடமாட்டார்கள். ஒரே மாடலில் வெவ்வேறு பேனல்கள் வருவதும் உண்டு. ஆகையால் கண்ணால்தான் சோதிக்க வேண்டும், அதற்கு எளிய வழி தரை ஓடுகள். வீட்டில் டி.வி. வைக்கப்போகும் இடத்தின் நடுவிலிருந்து நேராக எத்தனை அடி, அங்கிருந்து இடப்பக்கம் எத்தனை அடி தள்ளி நாற்காலி இருக்கிறது என்று அளந்து எழுதிக்கொள்ளுங்கள். ஷோரூம்களில் பெரும்பாலும் இரண்டடிக்கு இரண்டடி ஓடுகள் பதித்திருப்பார்கள். அங்கே டி.வி.யின் நடுவிலிருந்து ஓடுகளை எண்ணி, அதே இடத்தில் போய் நில்லுங்கள். முடிந்தால் ஒரு நாற்காலி கேட்டு உட்காருங்கள். நிற்கும் உயரமும் உட்காரும் உயரமும் ஒன்றல்ல.

கடைக்காரர் ஓட்டும் விளம்பரப் படத்தை நம்ப வேண்டாம். கிளிகளும் பழங்களும் எந்தத் திரையிலும் அழகாகத்தான் இருக்கும். அந்தப் பழத்தின் உண்மை நிறம் என்னவென்று நமக்குத் தெரியாது. ஒரு பென் டிரைவில் மூன்று வீடியோக்களை எடுத்துச் செல்லுங்கள். முதலாவது, உங்கள் மாமியாரையே பகல் வெளிச்சத்தில் வாசலில் உட்கார வைத்துக் கைபேசியில் எடுத்த ஒரு நிமிடக் காட்சி. அவருடைய முகத்தின் நிறமும், கட்டியிருக்கும் புடவையின் நிறமும் உங்கள் கண்ணுக்குப் பழக்கம், டி.வி. தவறு செய்தால் உடனே தெரிந்துவிடும். இரண்டாவது, வெட்டவெளி மைதானத்தில் அல்லது வயலில் கைபேசியை இடமிருந்து வலமாக மெதுவாகத் திருப்பி எடுத்தது. பச்சை நகரும்போது திரையில் நகராத அழுக்குத் திட்டுகள் தெரிந்தால் பின்விளக்கு சீராக இல்லை என்று பொருள். கிரிக்கெட் பார்க்கும்போது அது ஒவ்வொரு ஓவரிலும் கண்ணை உறுத்தும். மூன்றாவது, இரவில் ஒரு விளக்கு மட்டும் எரியும் அறை. அதில் நான்கு மூலைகளையும் பாருங்கள், வெண்மேகம் போல் வெளிச்சம் கசிகிறதா என்று. இவற்றை ஓட்டும் முன், பட அமைப்பை ‘விவிட்’ என்பதிலிருந்து ‘ஸ்டாண்டர்ட்’ அல்லது ‘சினிமா’வுக்கு மாற்றச் சொல்லுங்கள். கடைகளில் எல்லா டி.வி.யையும் உச்ச வெளிச்சத்தில்தான் வைத்திருப்பார்கள்.

ஜன்னல் விஷயத்துக்குச் சுருக்கமாகவே பதில் சொல்லிவிடலாம். இந்த விலையில் கிடைக்கும் பேனல்களின் ஒளிர்வு பெரும்பாலும் 250 முதல் 350 நிட்ஸ் (திரையின் வெளிச்சத்தை அளக்கும் அலகு). பின்னாலிருந்து வரும் பகல் வெளிச்சத்தை அதனால் வெல்ல முடியாது. ஜன்னல் கம்பிகள் திரையில் நிழலாகக் கோடு போடும். இதற்காக விலை கூடிய டி.வி. வாங்குவதைவிட ஒரு தடித்த திரைச்சீலை தைத்துப் போடுவது பயன் தரும்.

இதே ஒளிர்வுதான் எச்.டி.ஆர்., அதாவது மிகப் பிரகாசமானதையும் மிக இருண்டதையும் ஒரே காட்சியில் விரிந்த வீச்சில் காட்டுவது என்ற வாக்குறுதிக்கும் எல்லை. எச்.டி.ஆர். படங்கள் பெரும்பாலும் 1000 நிட்ஸ் அல்லது அதற்கும் மேலான உச்ச ஒளிர்வை மனதில் வைத்துத் தயாரிக்கப்படுகின்றன. 300 நிட்ஸ் டி.வி. அந்தப் படத்தை ஏற்றுக்கொள்ளும், சுருக்கிக் காட்டும். அதன் வீச்சைக் காட்டாது. கியூ.எல்.இ.டி. என்பது பின்விளக்கின் முன் வைக்கப்படும், நிறத்தைச் செறிவாக்கும் நுண்துகள் படலம். நல்ல அம்சம்தான், ஆனால் மோசமான பேனலை அது நல்ல பேனலாக்காது. ‘120 ஹெர்ட்ஸ்’, அதாவது திரை நொடிக்கு எத்தனை முறை படத்தைப் புதுப்பிக்கிறது என்பதை மட்டும் கொஞ்சம் துருவிக் கேளுங்கள். பல மலிவு மாடல்களில் பேனலின் உண்மையான வேகம் 60 ஹெர்ட்ஸ். மீதி மென்பொருள் கணக்கு. சினிமா நொடிக்கு 24 ஃபிரேம்கள், நம் கேபிள் ஒளிபரப்பு 50 ஹெர்ட்ஸ். வீட்டில் கேம் ஆடுகிறவர் இல்லை என்றால் 60 உங்களுக்குத் தாராளம்.

ஸ்மார்ட் வசதியைப் பொறுத்தவரை என் அறிவுரை, அதற்காக அதிகம் செலவிடாதீர்கள் என்பதே. டி.வி.யில் முதலில் பழசாவது அந்தப் பகுதிதான். நான்கைந்து ஆண்டுகளில் செயலிகள் கனத்துப்போய் டி.வி. திணறும். அப்போது சில ஆயிரம் ரூபாயில், ஓ.டி.டி. செயலிகளைத் தானே ஓட்டும் ஒரு ஸ்டிக் வாங்கி எச்.டி.எம்.ஐ. துளையில் செருகினால் அது புதிதாகிவிடும். பேனலை அப்படி மாற்ற முடியாது. இப்போதைக்கு 2 ஜி.பி. ரேம் இருக்கிறதா என்றும், நெட்ஃபிளிக்ஸ், ஜியோ ஹாட்ஸ்டார் போன்ற செயலிகள் நிறுவனத்தின் அங்கீகாரத்தோடு வருகின்றனவா என்றும் பாருங்கள். வைட்வைன் எல்1 என்ற பாதுகாப்புச் சான்று இல்லாத டி.வி.யில் இந்தச் செயலிகள் திறக்கும், படமும் ஓடும். ஆனால் சாதாரணத் தரத்துக்கு மேல் ஏறாது. அதிகம் அறியப்படாத பெயர்களில் வரும் டி.வி.க்களில் இதை நானே கண்டிருக்கிறேன். நெட்ஃபிளிக்ஸில் 4கே வேண்டுமென்றால் அதன் உயர் கட்டணத் திட்டமான பிரீமியமும், நொடிக்கு 15 மெகாபிட் வேகமாவது தரும் இணைய இணைப்பும் தேவை என்பதையும் கணக்கில் வையுங்கள்.

இப்போது, 55 அங்குலத்தின் பக்கம் என்னைச் சாய்த்த முதன்மைக் காரணத்துக்கு வருகிறேன். பழுதுபார்க்கும் மேசைக்கு வரும் பெரிய டி.வி.க்களில் நான் அதிகம் கேட்கும் குறை, ‘சத்தம் வருது சார், படம் வரலை’ என்பது. அறையை இருட்டாக்கி, டார்ச்சைத் திரைக்கு அருகில் சாய்த்துப் பிடித்தால் உள்ளே படம் மங்கலாக ஓடிக்கொண்டிருப்பது தெரியும். பேனல் நன்றாகவே இருக்கிறது. அதன் பின்னால் வரிசையாக ஒட்டப்பட்டிருக்கும் எல்.இ.டி. பட்டைகளில் ஒரு விளக்கு பட்டுப்போயிருக்கிறது, தொடர் இணைப்பு என்பதால் வரிசையே அணைந்துவிட்டது. விலையைக் குறைக்க விளக்குகளின் எண்ணிக்கையைக் குறைத்து, ஒவ்வொன்றையும் அதன் உச்சத்திலேயே எரியவிடும் டி.வி.க்களில் இது மூன்றாம் ஆண்டிலேயே வந்துவிடுகிறது. பட்டை பெரிய விலை இல்லை. ஆனால் அதை மாற்ற, அப்பளம் போன்ற பேனல் கண்ணாடியை முழுதாகத் தூக்கி வைத்துவிட்டு மறுபடி பொருத்த வேண்டும். 65 அங்குலத்தில் அதற்கு இரண்டு பேராவது வேண்டும். கொஞ்சம் வளைந்தால் விரிசல் விழும். விரிசல் விழுந்தால், புதுப் பேனலின் விலை புது டி.வி.யின் விலைக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். சென்ற ஆண்டு ஒரு வீட்டில், பெயர் பரவலாகத் தெரியாத ஒரு நிறுவனத்தின் 65 அங்குல டி.வி.க்குப் பொருத்தமான பட்டை கிடைக்காமல், உறை பிரித்த நிலையில் இரண்டு மாதம் சுவரில் சாய்த்து வைத்திருந்தார்கள். அந்த வீட்டுப் பெரியவர் அத்தனை நாளும் பேத்தியின் கைபேசியில் செய்தி பார்த்துக்கொண்டிருந்தார்.

எனவே கடையில் கேட்க வேண்டிய கேள்வி, ‘கும்பகோணத்திலோ தஞ்சாவூரிலோ உங்களுக்குச் சர்வீஸ் சென்டர் இருக்கிறதா, வீட்டுக்கு வந்து பார்ப்பார்களா’ என்பது. வாய்ச்சொல்லோடு விடாமல், கடையில் நிற்கும்போதே அந்த எண்ணுக்கு அழைத்துப் பேசிப் பாருங்கள். வாரண்டி அட்டையில் பேனலுக்கு எத்தனை ஆண்டு, மற்ற பாகங்களுக்கு எத்தனை ஆண்டு என்று தனித்தனியாக இருக்கும், இரண்டையும் படியுங்கள். டி.வி. வந்ததும் பட அமைப்பில் ‘பேக்லைட்’ அளவை 60, 70க்குக் குறைத்துவிடுங்கள். இரவில் கண்ணுக்கும் இதம், அந்த விளக்குகளின் ஆயுளும் கூடும். மின்செலவைப் பற்றிக் கவலை வேண்டாம்: 120 வாட் எடுக்கும் டி.வி. தினம் 5 மணி நேரம் ஓடினால் இரண்டு மாத மின்கணக்கில் சுமார் 36 யூனிட்தான் சேரும்.

ஒலிக்கு வருவோம். மெல்லிய டி.வி.க்களில் ஸ்பீக்கர் கீழ்நோக்கி இருப்பதால் பேச்சு தெளிவில்லாமல், பின்னணி இசையில் அமிழ்ந்துபோகும். வயதானவர்கள் சத்தத்தை 40, 50 என்று ஏற்றிக்கொண்டே போவதற்குக் காது மட்டும் காரணம் அல்ல. டி.வி.யில் ‘ஏ.ஆர்.சி.’ என்று குறித்த எச்.டி.எம்.ஐ. துளை இருந்தால், அதில் ஒரு சாதாரண சவுண்ட்பாரை இணைத்து ஒரே ரிமோட்டில் இரண்டையும் இயக்கலாம். 37,000 ரூபாய் டி.வி. வாங்கினால் மிஞ்சும் 8,000 ரூபாயில் எச்.டி. பாக்ஸும் இதுவும் அடங்கும். 44,000 ரூபாய்க்கு வாங்கினால் இரண்டுமே இல்லாமல், பெரிய திரையில் மங்கலான படமும் புரியாத பேச்சும் மிஞ்சும்.

பில் வாங்கும்போது வரி விகிதத்தைப் பாருங்கள். 32 அங்குலத்துக்கு மேற்பட்ட டி.வி.க்களுக்கான ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. பில்லில் டி.வி.யின் வரிசை எண் இருக்க வேண்டும். ‘பில் இல்லாமல் குறைத்துத் தருகிறேன்’ என்றால் வாரண்டியும் இல்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள். பெட்டியைப் பிரிக்கும்போது தொடக்கம் முதல் கைபேசியில் வீடியோ எடுங்கள்; ஏற்றி வந்தவர் கிளம்பும் முன் டி.வி.யைப் போட்டு, வெள்ளைத் திரை ஒன்றும் கறுப்புத் திரை ஒன்றும் காட்டிப் பாருங்கள்.

அன்றைக்கே சுவரில் துளை போட வேண்டாம். நம் வீடுகளில் ஷோகேஸுக்கு மேலே, நின்று பார்க்கும் உயரத்தில் டி.வி.யை மாட்டிவிடுகிறார்கள், உட்கார்ந்து பார்க்கிறவர் கழுத்தைத் தூக்கியே இருக்க வேண்டியிருக்கிறது. திரையின் நடுப்பகுதி தரையிலிருந்து மூன்றரை அடி அளவில், உட்கார்ந்தவரின் கண் மட்டத்தில் இருப்பதே நல்லது. பெட்டியோடு வரும் கால்களைப் பொருத்தி, உறுதியான ஒரு மேசையில் இரண்டு வாரம் வைத்துப் பாருங்கள். பிற்பகல் மூன்று மணிக்கு ஜன்னல் வெளிச்சம் எங்கே விழுகிறது, மாமியார் நாற்காலியை எந்தப் பக்கம் நகர்த்திப் போட்டுக்கொள்கிறார் என்பதெல்லாம் அதற்குள் தெரிந்துவிடும். பிறகு ஆளை வரவழைத்து, அவர் உட்கார்ந்திருக்கும்போதே சுவரில் பென்சிலால் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.